செயலி 'வெயில்' என்கிறது, பயிற்றுநர் 'வேண்டாம்' என்கிறார்: பாராகிளைடிங்கில் யார் சொல்வது சரி?

கேள்வி சுருக்கமாக இதுதான். மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் காலியில் இருக்கும் ஒருவர் கோலகுபு பாருவில் பாராகிளைடிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறார். நான்கு வார இறுதி தொடர்ந்து மலையேறிப் போயும் ஒரு தடவைகூடக் கால் தரையை விட்டு எழவில்லை. கைப்பேசியின் வானிலைச் செயலியில் 'வெயில், காற்று மணிக்கு 8 கிலோமீட்டர்' என்று இருக்கிறது, வானமும் நீலமாக இருக்கிறது, ஆனாலும் பயிற்றுநர் மதியம் வரை உட்கார வைத்துவிட்டு இன்றைக்கு இல்லை என்று அனுப்பிவிடுகிறார். 'அவர் தேவைக்கு மேல் பயப்படுகிறாரா, இல்லை மலேசிய வானிலைக்கு இந்த விளையாட்டே ஒத்துவராதா' என்று கேட்டிருக்கிறார். நான் புரிந்துகொண்ட வரையில் உள்ளே இருக்கும் கேள்வி வேறு: பார்க்க நல்ல நாளாகத் தெரிவது பறக்க நல்ல நாளாக ஏன் இல்லை, அதை இன்னொருவர் சொல்லாமல் நானே கண்டுபிடிக்க முடியுமா? முடியும், பெருமளவு முடியும். முடியாத ஒரு பகுதியும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

நான் பயிற்றுநர் இல்லை. உலு சிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வெளிக்கள வேலை, பல வருடமாக விடுமுறை நாளில் பறக்கிறேன். ஆனால் வானிலை எனக்குத் தொழிலோடு வந்தது. காலையில் பெரட்டு (ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுத்து வேலை பிரிப்பது) முடிந்து ஆட்களைக் காட்டுக்குள் அனுப்பியதும் முதல் வேலை மழைமானியைப் பார்ப்பதுதான். உள்ளே இருக்கும் பாத்திரத்து நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நீர் கண்ணாடி ஓரத்தில் கொஞ்சம் ஏறி நிற்கும், நடுவில் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்ந்த இடத்தில் என்ன கோடு இருக்கிறதோ அதுதான் கணக்கு. இதைப் பல வருடம் எழுதிவந்தவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: ஒரே தோட்டத்தில் மேல் டிவிஷனில், அதாவது மேல் பிரிவில், கண்ணாடி நிறையும், கீழ் டிவிஷன் மானியில் ஒரு சொட்டு இருக்காது. நடுவில் மோட்டாரில் கால் மணி நேரத் தூரம்கூட இல்லை. 'உலு சிலாங்கூர்: வெயில்' என்று ஒரு வரி படித்தால் அது யாருடைய மேல் டிவிஷனுக்கு, யாருடைய கீழ் டிவிஷனுக்கு என்று நான் கேட்பது அதனால்தான்.

செயலியை முதலில் முடித்துவிடுவோம். பெரும்பாலான இலவசச் செயலிகள் உலகளாவிய கணினி மாதிரிகளிலிருந்து எண்ணை எடுக்கின்றன. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரியில் பொதுவாகக் கிடைக்கும் தரவு சுமார் 28 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி, ஐரோப்பிய மையத்தின் மாதிரி சுமார் 9 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. கோலகுபு பாருவிலிருந்து 28 கிலோமீட்டர் என்றால் ஒரு பக்கம் சமவெளித் தோட்டம், இன்னொரு பக்கம் ஃபிரேசர் மலைக்கு ஏறும் காடு. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகச் சொன்னால் நாம் நிற்கும் குன்று அதில் இல்லவே இல்லை. போதாக்குறைக்கு அந்த 8 கிலோமீட்டர் என்பது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துச் சராசரி. சமவெளியில் 8 வீசும் காற்று குன்றின் உச்சியில் நெருக்கப்பட்டு 15, 18 ஆகிவிடுவது சாதாரணம். அதனால் செயலி பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அது வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

காற்றின் வேகத்தில் உங்கள் பயிற்றுநர் ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. கற்றுக்கொள்பவர் பயன்படுத்தும் இறக்கை, அதாவது தலைக்கு மேல் விரியும் துணி, கட்டுப்பாட்டுக் கயிற்றை இழுக்காமல் விட்டால் தானாக மணிக்கு 35 முதல் 38 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும், இஞ்சின் கிடையாது. எதிர்க்காற்று 15 என்றால் தரையோடு ஒப்பிட்டு 20 சொச்சம் முன்னே நகர்வீர்கள். எதிர்க்காற்று 37 என்றால் அந்தரத்தில் நிற்பீர்கள். அதற்கும் மேல் போனால் முகம் முன்னே, பயணம் பின்னே, குன்றின் முதுகுப் பக்கத்துச் சுழலுக்குள். இன்னொன்று, காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இறக்கையை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். 10இல் தோளை மெல்ல இழுக்கிற அதே துணி 20இல் ஆளைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகும். தொடக்கநிலையில் இருப்பவருக்குச் சீராக 10 முதல் 15 வரை வீசினால் நல்லது, 20ஐ நெருங்கினால் வேண்டாம் என்பதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். சராசரியைவிட ஏற்ற இறக்கம் முக்கியம். சீராக 14 வீசும் காற்றில் ஏறிவிடலாம். 5க்கும் 20க்கும் இடையில் அலையும் காற்றில், சராசரி அதைவிடக் குறைவாகவே இருந்தாலும், நான் இறக்கையைப் பையை விட்டே எடுக்க மாட்டேன்.

சரி, இப்போது நம் ஊர்க் காற்றுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் நான்கு வாரத்துக்கான பதிலில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் காற்று ஒரு அட்டவணைப்படி நடக்கிறது. இரவில் தித்திவாங்சா மலைத்தொடரின் சரிவுகள் குளிர்ந்து, கனத்த காற்று பள்ளத்தாக்கு வழியாகக் கீழே வடியும். விடியற்காலையில் சமவெளியைப் பார்த்து நிற்கும் எந்தக் குன்றிலும் இந்தக் காற்று முதுகுப் பக்கமாக வரும். பின்காற்றில் ஓடி மேலே எழ முடியாது, முயல்வதும் ஆபத்து. காலை 8 மணிக்குப் போய் 'எவ்வளவு அமைதியாக இருக்கிறது, இப்போதே பறக்கக் கூடாதா' என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். 10 மணிவாக்கில் வெயில் சரிவைச் சுட்டதும் காற்று திரும்பி மேல்நோக்கி ஏறத் தொடங்கும். காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பை தொங்கும், பிறகு முன்பக்கமாகத் தலை தூக்கும், மறுபடி தொங்கும். அந்தத் திருப்பம் முடிந்ததிலிருந்து பெரும்பாலும் மதியம் தாண்டிச் சற்று நேரம் வரை ஒரு சாளரம் கிடைக்கும். பிறகு மலாக்கா நீரிணையிலிருந்து கிளம்பிய கடற்காற்று உள்நாட்டுக்கு வந்து சேர்ந்து, மலையேறும் காற்றோடு கைகோத்து, ஈரத்தை மேலே தள்ளும். அதன் பலன் என்னவென்று தோட்டத்தில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை: பிற்பகல் 3, 4 மணிக்கு இடி. சுபாங் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 200 நாள் இடி கேட்கும், உலகிலேயே அதிகம் இடி விழும் வட்டாரங்களில் நாமும் ஒன்று.

ஆக நல்ல நாளிலும் உங்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான். அந்தச் சாளரத்தை ஒரு மெல்லிய மேகத்திரை மூடினாலே சரிவு சுடாது, காற்று திரும்பாது, நாள் போயிற்று. இரவு மழை பெய்து மண் ஊறியிருந்தாலும் அப்படித்தான். பார்க்க அழகான நாளாக இருக்கும், காற்றுப்பை மட்டும் அசையாது. ஜுக்ரா குன்றில் கதை வேறு. அது கடலோரத்துக்குப் பக்கம், பிற்பகலில் கடற்காற்று சீராக வந்து சரிவில் மோதும். மலையடிவாரத்தில் நாள் முடிகிற நேரத்தில் அங்கே தொடங்கும். ஜுக்ரா பக்கத்துப் பந்திங்கில் உள்ள நண்பர் மாலை 5 மணிக்குப் பறந்த படம் போட்டதைப் பார்த்து உங்கள் பயிற்றுநரோடு வாதம் செய்ய வேண்டாம்.

இடிமேகம் தலைக்கு மேல் வந்தால்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மழை கொட்டத் தொடங்கியதும் மேகத்துக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று செங்குத்தாக இறங்கித் தரையில் மோதி நாலாபக்கமும் பரவும். அந்த முகப்பு மேகத்தை விட்டு 20, 30 கிலோமீட்டர்கூட ஓடி வரும். அதாவது பத்தாங் காலிக்கு அப்பால் பெய்யும் மழையின் காற்று, நீங்கள் நீல வானத்தின் கீழ் நிற்கும்போதே வந்து அறையலாம். மேலே நின்று பார்க்கும்போது எனக்கு இதைக் காட்டிக்கொடுப்பது செம்பனை. மட்டைகள் அமைதியாகக் கரும்பச்சையாக இருக்கும். தூரத்தில் ஒரு கோடு போட்டது மாதிரி அவை புரண்டு, அடிப்பக்கம் வெளுத்துத் தெரியும், அந்தக் கோடு வரிசை வரிசையாக நம்மை நோக்கி நகரும். அது வருவதற்குச் சற்று முன் குன்றின் மேல் காற்று ஒரேயடியாக நின்றுபோவதும் உண்டு. கற்றுக்கொள்பவர்கள் அந்த அமைதியைப் பார்த்து 'இப்போது நன்றாக இருக்கிறதே' என்று எழுந்து ஹார்னஸை (உடலை இறக்கையோடு பிணைக்கும் இருக்கைப் பட்டையை) மாட்டுவார்கள். தோலில் திடீர்க் குளிர்ச்சி, மண்வாசனை, இந்த அமைதி, மூன்றில் ஒன்று தெரிந்தாலே இறக்கையைச் சுருட்டுங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்.

மேகத்துக்குக் கீழே இழுப்பும் உண்டு. வளரும் மேகம் அடியிலிருந்து காற்றை உறிஞ்சும். மிதமான மேகத்தின் கீழ் வினாடிக்கு 2, 3 மீட்டர் ஏற்றம் இன்பமானது, அதற்காகத்தான் பறக்கிறோம். இடிமேகத்தின் கீழ் அது நாம் இறங்க முயலும் வேகத்தையும் மிஞ்சிவிடும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனிலா ஊரில் உலகப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஏவா விஷ்னியெர்ஸ்கா என்ற ஜெர்மானியப் பெண்ணை ஒரு இடிமேகம் 9,946 மீட்டர் வரை தூக்கிக்கொண்டு போனது. எவரெஸ்ட்டைவிட உயரம். நினைவிழந்து, பனி மூடி, எப்படியோ உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஹே சோங்பின் இறந்துபோனார். இருவரும் கற்றுக்குட்டிகள் இல்லை, போட்டி வீரர்கள். நம் ஊரில் மேகத்தின் அடி தாழ்வாக இருப்பதால் இது நமக்கு இன்னும் நெருக்கமான விஷயம். மேக அடியைக் கணிக்க ஒரு வழி: வெப்பநிலையிலிருந்து பனிப்புள்ளியை (காற்றிலுள்ள ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையை) கழித்து 125ஆல் பெருக்குங்கள். 32 டிகிரி வெயில், 24 டிகிரி பனிப்புள்ளி என்றால் 8 பெருக்கல் 125, தரையிலிருந்து சுமார் 1,000 மீட்டர். ஈரமான நாளில் 31க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் 750 மீட்டர்தான் தரும். நல்ல தெர்மல் (சூடேறி மேலே எழும் காற்று) ஒன்று கிடைத்தால் சில நிமிடத்தில் மேகத்தின் வாசலில் நிற்பீர்கள். மேகம் அகலத்தைவிட உயரமாகத் தெரியத் தொடங்கிவிட்டதா, அடி கறுத்துவிட்டதா, அந்தப் பக்கம் போகாதீர்கள். பஞ்சுபோல இருந்தது மழைமேகமாக மாற அரை மணி நேரம் போதும்.

பருவத்தைப் பற்றிக் கொஞ்சம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மேற்குக் கரையில் ஒப்பீட்டளவில் மழை குறைவு. வடகிழக்குப் பருவத்தின் கடைசிப் பகுதியான பிப்ரவரியும் நமக்கு வறண்ட மாதம், தெர்மலும் வலுவாக இருக்கும், சில நாளில் புதியவருக்குத் தாங்காத அளவுக்கு. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் என்கிற இடைப்பருவத்தில்தான் பிற்பகல் இடி உச்சம். நீங்கள் இந்த மாதங்களில் சேர்ந்திருந்தால் நான்கு வாரம் வீணானதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. தென்மேற்குப் பருவத்திலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. சுமத்ரா என்றே பெயர் வைத்திருக்கும் காற்றுவரிசை இரவில் நீரிணைப் பக்கம் உருவாகி, விடியலிலோ காலையிலோ கரையேறும். தோட்டத்தில் அதிகாலையில் தகரக்கூரை அதிர்ந்து, மழை ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டு ஓயுமே, அதுதான். அதன் முன்காற்று எந்தப் பாராகிளைடரும் தாங்கும் அளவைத் தாண்டியது. அது கடந்துபோன பிறகும் மண் ஈரம், வானம் மூட்டம், அன்றைய நாள் பெரும்பாலும் முடிந்தது. அப்புறம் 1997, 2015, 2019 மாதிரி புகைமூட்ட வருடங்களில் காற்று சாதுவாக இருந்தாலும் வெயில் தரைக்கு வராது, இறங்குமிடமும் தெரியாது. அந்தக் காற்றை மூச்சில் இழுத்துக்கொண்டு மலையேறுவதும் தேவையில்லாத வேலை.

இதுவரை சொன்னது எல்லாம் உறுதியானவை. இனி உறுதியில்லாத பகுதி. எந்த மேகம் எந்தக் குன்றின் மேல் எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியைப் பாருங்கள், ரேடார் படத்தையும் அவசியம் பாருங்கள். ஆனால் ரேடார் காட்டுவது ஏற்கெனவே உருவான மழைத்துளியை, இனி எழப்போகும் மேகத்தை இல்லை. எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள், காலை 10 மணிக்குள் மலை தொப்பி போட்டுவிட்டால் சாயங்காலம் மழை நிச்சயம் என்பார்கள். அதில் உண்மை உண்டு, சீக்கிரம் மேகம் திரள்கிறது என்றால் ஈரம் அதிகம் என்று பொருள். நிச்சயம் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன், தொப்பி கலைந்து அருமையான நாளானதையும் பார்த்திருக்கிறேன். ஆக அந்த நான்கு நாளில் ஒன்றிரண்டில் உங்கள் பயிற்றுநர் ரத்து செய்த பிறகு மழையே வராமல் போயிருக்கலாம். அதை வைத்து அவர் தவறு என்று சொல்ல முடியாது. அந்த நாட்களின் வானத்தைப் பார்க்காமல் நான் அவர் சரி என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுக்கும் நேரத்தில் எதைப் பார்த்தார் என்று கேட்டால் அவர் காரணத்தோடு சொல்ல வேண்டும்: 'அந்தப் பக்கத்து மேகம் 20 நிமிடத்தில் இரண்டு மடங்கு வளர்ந்தது', 'காற்று இடப்பக்கம் திரும்புகிறது', இப்படி. சொல்கிறார் என்றால் நீங்கள் நல்ல கையில் இருக்கிறீர்கள். எப்போது போனாலும் ஏற்றிவிடும் பயிற்றுநரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தால் எனக்குக் கவலையாக இருந்திருக்கும்.

காத்திருப்பதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை வானிலையைவிடப் பெரிய ஆபத்தாகவே நான் நினைக்கிறேன். கோலாலம்பூரிலிருந்து டோல் கட்டி, விடுப்பு எடுத்து, வீட்டில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருப்பவர், மதியம் ஒரு மணிக்கு வானம் கறுக்கும்போது 'ஒரே ஒரு இறக்கம் இறங்கிவிடுகிறேன்' என்பார். அவர் பார்ப்பது வானத்தை இல்லை, செலவான பணத்தை. ஒருவர் ஏறினால் பின்னால் இன்னும் மூவர் ஏறுவார்கள். உள்ளூர்க்காரருக்கு இந்த நெருக்கடி குறைவு, அடுத்த வாரமும் மலை அங்கேதான் இருக்கும். நீங்கள் பத்தாங் காலிக்காரர், அரை மணித் தூரம். இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், வந்ததற்காகப் பறக்காதீர்கள். குடும்பத்திடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: போகிறேன், பறப்பேனா தெரியாது, மாலை விருந்துக்கு வந்துவிடுவேன். அந்த ஒரு வரி வீட்டிலும் அமைதியைத் தரும், மலையிலும் அவசரத்தைக் குறைக்கும்.

பறக்க முடியாத நாளில் வேலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். காற்று 10க்குள் சீராக இருந்தால் ஊர்த் திடலில் இறக்கையைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்திப் பழகுங்கள். ஏறுமிடத்தில் நடக்கும் விபத்துகளில் நிறைய, இறக்கையைத் தரையில் ஆளத் தெரியாததால் வருபவை. காலைப் பனி காய்ந்த பிறகு விரியுங்கள். ஈரத்தோடு மடித்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும், காயட்டும் என்று வெயிலில் மணிக்கணக்கில் விரித்துப்போட்டால் துணி நைந்துபோகும், நிழலில் உலர்த்துவதே சரி. தூறலில் நனைந்த இறக்கையோடு எக்காரணத்துக்கும் ஏறாதீர்கள், நனைந்த துணி முன்னே போகாமல் அப்படியே செங்குத்தாக இறங்கத் தொடங்கிவிடக்கூடும். செம்பனைக்குள் இறங்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் தரையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு மரம் 9 மீட்டர் இடைவெளி, மேலிருந்து பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் மட்டைக் காம்பு முழுக்க முள், உயர்ந்து வளர்ந்த மரம் என்றால் இறங்கவும் ஏணி வேண்டும். பாதை, மறுநடவுக்காக மொட்டையாக்கிய நிலம், கால்வாய்க் கரை எங்கே என்று நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள். நடவு செய்யாத அந்த மண் வெயிலில் சீக்கிரம் சுடும், தெர்மலும் அங்கிருந்துதான் கிளம்பும், பின்னால் பயன்படும்.

இந்த வாரம் போகும்போது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். 9 மணி, 11 மணி, 1 மணி என்று மேகம் எப்படி இருக்கிறது, காற்றுப்பை எந்தப் பக்கம், வெப்பமும் பனிப்புள்ளியும் எவ்வளவு என்று எழுதி, பறக்கலாமா கூடாதா என்று உங்கள் முடிவையும் எழுதுங்கள். அதன் பிறகு பயிற்றுநரிடம் கேளுங்கள். முடிவு ஒத்துப்போகாத நாளில் ஏன் என்று உட்கார்ந்து பேசுங்கள், தேநீர் வாங்கிக் கொடுத்தால் நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்கள். அப்படியே உங்களுக்குத் தரும் ஹார்னஸில் உள்ள ரிசர்வ் பாராசூட்டை (இறக்கை கைவிட்டால் விரிக்கும் அவசர பாராசூட்டை) கடைசியாக எப்போது பிரித்து மடித்தார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். இந்த ஈரப்பதத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது, வருடம் தாண்டிவிட்டது என்றால் வானம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்று ஏறாதீர்கள்.